குடவோலைக் கல்வெட்டை வகுப்புக்குக் கொண்டுவந்தபோது

எங்கள் பள்ளியிலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஆனாலும் பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறைப் பாடம் வந்தால், பிள்ளைகள் எங்கோ நடந்த செய்தி போல மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் கல்வெட்டில் என்ன இருக்கிறதோ அதையே கையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

வாசகம் தேடுவதுதான் பெரிய வேலை. இணையத்தில் பலரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 என இரண்டு சாசனங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். கடைசியில் கைகொடுத்தது, தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் கல்வெட்டு ஆய்வாளர் வெங்கையா எழுதிய கட்டுரை. அப்புறம் இரண்டாவது சாசனத்தை மட்டும் எடுத்து எளிய தமிழில் எழுதினேன். குடும்பு (ஊரின் ஒரு பிரிவு, இன்றைய வார்டு மாதிரி), வாரியம் (நிர்வாகக் குழு) போன்ற சொற்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஓலையில் பேர் எழுதத் தகுதி இவைதான்: கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதப் படிப்பு. இதைப் படித்ததும் ஒரு மாணவி, "அப்ப எங்க தாத்தா பேரை ஓலையில எழுத மாட்டாங்களா சார்?" என்றாள். மாட்டார்கள். அது பிராமணர் ஊரின் சபை; பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அதில் இடமில்லை. 'அந்தக் காலத்திலேயே ஜனநாயகம்' என்று மேடையில் முழங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை. நான் தாளின் முதல் பத்தியிலேயே போட்டுவிட்டேன்.

வகுப்பு உண்மையில் சூடுபிடித்தது தகுதியின்மைப் பட்டியலில்தான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள் என்று உறவுக்காரர்களுக்கும் தடை. பிள்ளைகள் கரும்பலகையில் உறவுமுறைப் படமே வரைந்துவிட்டார்கள். 30 குடும்புகளிலிருந்து வந்தவர்களில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரி என்றதும் பலருக்கும் முகம் மலர்ந்தது; அவர்களுக்குத் தெரிந்த ஏரியாயிற்றே.

நேரில் கூட்டிப்போகத் தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் வழக்கம்போல. கல்வெட்டு இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் நாமாக மைப்படி (கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் பிரதி) எடுக்கக்கூடாது. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து நன்றாகத் தெரியும், போட்டோவும் தெளிவாக விழும். புள்ளி வைக்காத பழைய எழுத்து என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். ப, ட, ம மூன்றையும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.