சொராரிட்டியில் சேர நினைக்கிறீர்களா? முதலில் அந்த சாப்டரின் பழைய ஃபைலைக் கேளுங்கள்

அமெரிக்காவில் இளங்கலை படிக்க வரும் நம்ம ஊர்ப் பெண்கள் முதல் செமஸ்டரிலேயே கேட்டுவிடுகிறார்கள்: "அக்கா, சொராரிட்டின்னா பார்ட்டியும் ராகிங்கும்தானே?" சொராரிட்டி என்பது இங்குள்ள கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவிகள் சங்கம்; ஒரு வளாகத்தில் இருக்கும் அதன் கிளைதான் சாப்டர். நான் நியூ ஜெர்சியில் படித்தபோது, எல்லா இனத்தவரும் சேரக்கூடிய ஒரு சிறிய மல்டிகல்ச்சுரல் சாப்டரில் இருந்தேன். எங்களுக்குத் தனி வீடெல்லாம் கிடையாது. மாணவர் மையத்தில் ஒரு மடக்கு மேசை, ஒரு பேனர், அவ்வளவுதான் எங்கள் சொத்து. சேருவதற்கு முன் பாடமும் பரீட்சையும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

புதிதாகச் சேர்பவர்களுக்குச் சில வாரங்கள் வகுப்பு நடக்கும். கிரேக்க எழுத்துகள் 24, அமைப்பை நிறுவிய மாணவிகள், நிறுவன நாள், நம் வளாகத்துக்கு சாப்டர் வந்த கதை, நடுவில் ஆள் இல்லாமல் முடங்கியிருந்தால் அந்தக் கதையும். எழுத்துத் தேர்வு மட்டும் என்றால் பிளஸ் டூ படித்த நமக்கு மனப்பாடம் பெரிய விஷயமே இல்லை. ஆனால் மூத்தவர்கள் வாய்மொழியாகக் கேட்கும்போது, "எந்த ஆண்டு?" என்று நிறுத்த மாட்டார்கள். "அந்த ஆண்டில் ஏன்?" என்பார்கள். அங்கேதான் நம்மவர்கள் முழிப்பது.

அதனால் தேதிகளைக் காரணத்தோடு கோத்துப் படியுங்கள். பழைய சொராரிட்டிகள் நெடுங்காலம் வெள்ளை இனப் பெண்களுக்கே உரியவையாக இருந்தன. அதனால்தான் 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தங்களுக்கென்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். (கமலா ஹாரிஸ் சேர்ந்தது இதில்தான். அவருடைய தாய் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர் என்பதால், வீட்டில் அம்மாவைச் சம்மதிக்க வைக்க இந்தத் தகவல் நன்றாகவே உதவும்!) 1967இல் நெவார்க் நகரில் வெடித்த கலவரத்துக்குப் பின் நியூ ஜெர்சி மாநிலம் 1968இல் ஏழை மாணவர்களுக்கான கல்வி நிதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நெவார்க் வளாகத்திலுள்ள காங்க்லின் ஹாலைக் கறுப்பின மாணவர்கள் கைப்பற்றி, சேர்க்கையில் மாற்றம் கேட்டார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் வகுப்பறைகளின் முகமே மாறத் தொடங்கியது. 1975இல் கீன் கல்லூரியில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவிகளின் லாம்டா தீட்டா ஆல்ஃபா பிறந்தது. 1981 நவம்பரில் ரட்கர்ஸில் மியூ சிக்மா அப்சிலான் வந்தது. நாட்டின் முதல் மல்டிகல்ச்சுரல் சொராரிட்டி அதுதான்; ஓர் இனத்துக்கென்று இல்லாமல் எல்லாருக்கும் என்று தொடங்கியது. 1997இல் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் தீட்டா நியூ சை என்ற இன்னொரு மல்டிகல்ச்சுரல் சொராரிட்டி. 1998இல் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கான தேசியக் கூட்டமைப்பு. அதே ஆண்டில் டெக்சாஸிலும் நியூயார்க்கிலும் தெற்காசிய மாணவிகளின் சொராரிட்டிகளும் கிளம்பின. இப்படி வரிசையாகப் பார்த்தால் ஒன்றிலிருந்து அடுத்தது தானாக நினைவுக்கு வரும். துண்டுச் சீட்டே தேவையில்லை.

தேசிய வரலாறு இணையத்திலேயே கிடைக்கும். சாப்டர் வரலாறு கிடைக்காது. எங்களிடம் ஒரு தடித்த ஃபைல் இருந்தது: பழைய கூட்டக் குறிப்புகள், மங்கிப்போன ஜெராக்ஸ் நோட்டீஸ்கள், சேவை நேரப் பதிவேடு. பதிவேட்டில் தேதி, இடம், பெயர், எத்தனை மணி நேரம், அங்கிருந்த பொறுப்பாளரின் கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு சாப்டரின் யோக்கியதை அந்தத் தாளில் தெரிந்துவிடும். சில ஆண்டுகளில் ஏப்ரல் மாதம் மட்டும் நிரம்பி வழியும்; செமஸ்டர் முடிவதற்குள் கணக்குக் காட்ட நிதி திரட்டும் நடைப்பயணமான வாக்கத்தான் ஒன்றில் மட்டும் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சில ஆண்டுகளில், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் தரும் ஒரே உணவுக்கூடத்தின் பெயர் வாராவாரம் வரும், இரண்டு மூன்று பேர்தான், ஆனால் விடாமல். சேர்வதானால் இரண்டாவது வகை சாப்டரில் சேருங்கள். ஒரு நாள் போய் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களால் உணவுக்கூடத்துக்கு வேலைதான் கூடும். வழக்கமாக வருகிறவருக்குத்தான் எந்த அலமாரியில் எது இருக்கிறது, யாருக்குச் சர்க்கரை நோய் என்பதெல்லாம் தெரியும்.

எனக்கு மனசுக்குப் பிடித்த வேலை எலும்பு மஜ்ஜைப் பதிவு முகாம்; ரத்தப் புற்றுநோய் போன்ற நோய் உள்ளவர்களுக்கு மஜ்ஜை கொடுக்க முன்வருகிறவர்களைப் பதிவு செய்வது. பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து உறையில் போட்டால் போதும், பதிவு முடிந்தது. திசு வகை பரம்பரையாக வருவதால், பொருத்தமான கொடையாளர் பெரும்பாலும் நோயாளியின் சொந்த இனத்தவரிடமே கிடைப்பார். கொடையாளர் பதிவேட்டில் தெற்காசியர்களும் கறுப்பினத்தவர்களும் குறைவு. அதனால் அவர்களுக்குக் கொடையாளர் கிடைப்பதும் கடினம். பல மொழி பேசுகிறவர்கள் ஒரே மேசையில் இருப்பதன் பலன் இங்கேதான் தெரியும். ஸ்பானிஷ் பேசும் குடும்பம் வந்தால் ஒருத்தி எழுந்து போவாள், ஹெய்ட்டிக்காரர் வந்தால் இன்னொருத்தி. தீபாவளி மேளாவில் நம் ஆட்கள் என் பொறுப்பு. "முதுகெலும்புல ஊசி போடுவாங்களாமே?" என்று கூடவே வரும் அம்மா கேட்பார். "இல்லம்மா, பெரும்பாலும் கையிலிருந்து ரத்தம் எடுக்கிற மாதிரிதான், அதுவும் பொருந்தினால்தான் கூப்பிடுவாங்க" என்று பொறுமையாகச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் பையன் உறையை வாங்கிக்கொள்வான்.

இனி நடைமுறை விஷயங்கள். ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வரம்பு ஒவ்வோர் அமைப்புக்கும் மாறும், முன்பே கேளுங்கள். இன்ஜினியரிங், கெமிஸ்ட்ரி லேப் எல்லாம் ஒன்றாக வரும் செமஸ்டரில் சேராதீர்கள். புதியவர் வகுப்பு நடக்கும் வாரங்களும் மிட்டெர்மும் மோதும்.

ராகிங்குக்கு இங்கே பெயர் ஹேஸிங். 2024 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டமே வந்துவிட்டது. விதிமீறிய அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரி இணையதளத்தில் வெளியிட வேண்டும். நீங்கள் பார்க்கிற அமைப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். "ரகசியம், வெளியே சொல்லாதே" என்று சொல்லித் தூங்கவிடாமல் வைத்தாலோ, சொந்த வேலை வாங்கினாலோ எழுந்து வந்துவிடுங்கள். வரலாற்றுப் பாடத்துக்கு நடுராத்திரி தேவையில்லை.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் சேவை செய்வதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை "வாலண்டியர்" என்ற பெயரில் செய்யச் சொன்னால், தலையாட்டுவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சந்தாத் தொகையையும் தவணையையும் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டி-ஷர்ட், ஜாக்கெட் செலவு அதில் அடங்காது, அது தனி.