மோட்ஸ் பகுதிக்கு ஸட்ஜத்தை விடாதீர்கள்: இசைத் தியரி தேர்வு அனுபவம்

ரிசல்ட் வந்துவிட்டது. எழுத்துத் தாளிலும் செவிப்பயிற்சியிலும் பாஸ். அதிலும் நான் மிகவும் பயந்திருந்த மோட்ஸ் (ஒரே ஏழு ஸ்வரங்களை வெவ்வேறு ஸ்வரத்தை ஆதாரமாக வைத்துப் பாடும் ஸ்கேல்கள்) பகுதியில்தான் அதிக மார்க். கோலாலம்பூரில் அடுத்த முறை உட்காரப்போகும் நம் பிள்ளைகளுக்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். முக்கியமாக, கோயில் வகுப்பில் தேவாரமோ பிரிக்ஃபீல்ட்ஸில் வாய்ப்பாட்டு, வயலினோ கற்றுவிட்டு மேற்கத்திய இசை டிப்ளோமாவுக்குப் போகிறவர்களுக்கு. இன்டர்வெல், கேடன்ஸ், டிரான்ஸ்போசிஷன் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லாப் புத்தகத்திலும் ஒழுங்காகவே இருக்கின்றன.

மோட்ஸை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். சி மேஜரை டியில் தொடங்கினால் டோரியன், இயில் ஃப்ரிஜியன், எஃப்பில் லிடியன், ஜியில் மிக்ஸோலிடியன், ஏயில் ஏயோலியன், பியில் லோக்ரியன். தவறே இல்லை. ஆனால் வெள்ளைக் கட்டைகளை டி முதல் டி வரை வாசித்துப் பாருங்கள். காதில் கேட்பது இடையில் தொடங்கிய சி மேஜராகத்தான் இருக்கும். டிதான் ஆதாரம் என்று காதுக்கு யாரும் சொல்லவில்லையே! நான் போன டியூஷன் மையத்தில் மாதக் கணக்கில் இந்த அட்டவணையைத்தான் எழுத வைத்தார்கள். ஏழு மோட்களையும் ஒரே சுருதியில் அடுத்தடுத்து வாசித்துக் காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா ஓவர்டைம் செய்து கட்டிய ஃபீஸ் அது. அந்தக் கோபம் பாஸான பிறகும் எனக்கு ஆறவில்லை.

என்னைக் கரையேற்றியது ஒன்றே ஒன்றுதான். ஸட்ஜத்தை, அதாவது ஆதார ஸ்வரமான ஸவை, நகர்த்தாமல் மற்ற ஸ்வரங்களை நகர்த்துவது.

ஃபோனில் தம்பூரா ஆப்பைத் திறந்து சியில் வையுங்கள், நம் கணக்கில் ஒரு கட்டை. அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். லிடியனில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு ஸ்வரத்தை அரைச் சுரம் இறக்குங்கள்.

- லிடியன்: மேசகல்யாணி. பிரதி மத்திமம், அதாவது ஏறிய ம.
- ம இறங்கினால் ஐயோனியன்: தீரசங்கராபரணம். இதுதான் மேஜர்.
- நி இறங்கினால் மிக்ஸோலிடியன்: ஹரிகாம்போதி.
- க இறங்கினால் டோரியன்: கரகரப்பிரியா.
- த இறங்கினால் ஏயோலியன்: நடபைரவி. நேச்சுரல் மைனர்.
- ரி இறங்கினால் ஃப்ரிஜியன்: ஹனுமத்தோடி.
- ப இறங்கினால் லோக்ரியன். இதற்கு நம்மிடம் மேளம், அதாவது தாய் ராகம், கிடையாது. 72 மேளகர்த்தாவிலும் பஞ்சமம் அசையாது.

ம, நி, க, த, ரி, ப. இந்த ஆறு எழுத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள், மூளையில் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வரை எல்ஆர்டியில் இதை மனதுக்குள் பாடிக்கொண்டே போவேன். லோக்ரியன் பாடும்போது மட்டும் ஆப்பில் பஞ்சமத்தை நிறுத்திவிட்டு ஸட்ஜத்தை மட்டும் ஓட விடுங்கள். இல்லாவிட்டால் இறங்கிய ப அந்தப் பஞ்சமத்தோடு மோதிக் காதைக் குழப்பும்.

டியூஷனில் சொல்லும் முறை நமக்குப் புதியதல்ல. அது கிரக பேதம், அதாவது ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஸ ஆக்குவது. சங்கராபரணத்தின் ரியை ஸ ஆக்கினால் கரகரப்பிரியா, கவை ஆக்கினால் தோடி, மவை ஆக்கினால் கல்யாணி, பவை ஆக்கினால் ஹரிகாம்போதி, தவை ஆக்கினால் நடபைரவி. நியில் வைத்தால் பஞ்சமம் கிடைக்காது, அதனால் அங்கே மேள ராகமும் இல்லை. பழந்தமிழ் இசையிலும் இதே வேலை பண்ணுப்பெயர்த்தல் என்ற பெயரில் நடந்திருக்கிறது. செம்பாலையில் தொடங்கிப் படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்று ஏழு. செம்பாலையை ஹரிகாம்போதியாகக் கொண்டால் அரும்பாலை சங்கராபரணமாகவும் மேற்செம்பாலை கல்யாணியாகவும் வரிசையாக வந்து உட்காரும். மேளம் இல்லாத அந்த லோக்ரியன் இடத்தில் செவ்வழிப்பாலை வரும். தேர்வில் இதற்கு மார்க் கிடையாது. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த கிரேக்கப் பெயர்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வருவதில்லை. உங்களுக்கும் வரக்கூடாது.

இனி எழுத்துத் தாள். மோட் கொடுத்து கீ சிக்னேச்சர் (வரியின் தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) கேட்பார்கள். அந்த மோட் எந்த மேஜரிலிருந்து வந்தது என்று தாய் ஸ்கேலைத் தேடிக்கொண்டு போகாதீர்கள், நேரம் போய்விடும். அதே ஸ்வரத்தில் உள்ள மேஜரின் கீ சிக்னேச்சரை எடுங்கள். லிடியன் என்றால் ஷார்ப் பக்கம் ஒரு படி. மிக்ஸோலிடியன் ஃபிளாட் பக்கம் 1, டோரியன் 2, ஏயோலியன் 3, ஃப்ரிஜியன் 4, லோக்ரியன் 5. அதே நி, க, த, ரி, ப வரிசைதான், பாருங்கள்.

எஃப் ஷார்ப் டோரியன்: எஃப் ஷார்ப் மேஜருக்கு 6 ஷார்ப், இரண்டு குறைத்தால் 4 ஷார்ப்.
இ ஃபிளாட் மிக்ஸோலிடியன்: 3 ஃபிளாட், ஒன்று கூட்டி 4 ஃபிளாட்.
ஏ ஃபிளாட் லிடியன்: 4 ஃபிளாட், ஒன்று குறைந்து 3.
ஜி ஃப்ரிஜியன்: 1 ஷார்ப்பிலிருந்து நான்கு படி இறங்க வேண்டும். ஷார்ப் தீர்ந்து 3 ஃபிளாட்டில் வந்து நிற்கும். பூஜ்யத்தைத் தாண்டும் இந்த வகைக் கணக்கை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

கீ சிக்னேச்சர் இல்லாமல் ஒரு மெலடி கொடுத்து என்ன மோட் என்று கேட்டால், முதலில் ஆதார ஸ்வரத்தைக் கண்டுபிடியுங்கள். கடைசி ஸ்வரம், நீளமாக நிற்கும் ஸ்வரம், பேஸ் திரும்பத் திரும்ப வந்து சேரும் இடம், இந்த மூன்றும் சொல்லிவிடும். அப்புறம் கவைப் பாருங்கள். அந்தர காந்தாரம் (இறங்காத க) என்றால் மேஜர் குடும்பம்: ம ஏறியிருந்தால் லிடியன், நி இறங்கியிருந்தால் மிக்ஸோலிடியன், இரண்டும் இல்லையென்றால் ஐயோனியன். சாதாரண காந்தாரம் (இறங்கிய க) என்றால் ரியைப் பாருங்கள். ரி இறங்கியிருந்தால் ஃப்ரிஜியன், கூடவே பவும் இறங்கியிருந்தால் லோக்ரியன். ரி இறங்கவில்லையென்றால் த மட்டும்தான் பாக்கி. சதுச்ருதி தைவதம் (இறங்காத த) டோரியன், சுத்த தைவதம் (இறங்கிய த) ஏயோலியன். காகலி நிஷாதம் (இறங்காத நி) எட்டிப்பார்த்தால் அது ஹார்மோனிக் அல்லது மெலோடிக் மைனர். அவசரத்தில் மோட் பெயரை எழுதிவிடாதீர்கள்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் அடுத்த பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

ராகம் வேறு, ஸ்கேல் வேறு. நாம் பாடும் தோடியில் காந்தாரம் பெரும்பாலும் கமகத்தோடுதான், அதாவது அசைந்தபடிதான், வரும். அந்தப் பழக்கத்தோடு சைட் சிங்கிங்கில் (முன்பு பார்க்காத மெட்டைத் தாளைப் பார்த்துப் பாடுவது) ஃப்ரிஜியன் பாடினால், தேர்வாளருக்கு அது ஸ்வரம் நிற்காமல் ஆடுவதாகத்தான் கேட்கும். என் தோழி ஒருத்திக்கு இப்படி மார்க் போனது. அவள் குரல் என் குரலை விடப் பல மடங்கு நல்ல குரல், அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. வர்ணம் பாடுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் மோட்ஸ் பயிற்சிக்கு உட்காரும்போது எல்லா ஸ்வரத்தையும் அசைக்காமல், ஸரளி வரிசை முதல் வகுப்பில் பாடியது போல நேராகப் பிடியுங்கள். பெயர்க் குழப்பமும் வேண்டாம். நம் பைரவியில் இரண்டு தைவதமும் வரும், அதனால் அதை ஏயோலியனுக்கு அடையாளமாக வைக்க முடியாது. இந்துஸ்தானி பைரவி தாட் (தாட் என்பது அவர்களின் தாய் ஸ்கேல்) ஃப்ரிஜியன் ஸ்கேலோடு பொருந்தும், நம் பைரவியோடு அல்ல. விடைத்தாளில் ராகப் பெயர் எதையும் எழுதாதீர்கள். அது உங்கள் மனதில் இருக்கும் வரைபடம், அவ்வளவுதான்.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வைத்துக் கேட்கும்போது, எல்லாவற்றையும் சியில் வைத்து நான் பழகியவை:

- சி மைனர், எஃப் மேஜர் மாறி மாறி: டோரியன்
- சி மேஜர், பி ஃபிளாட் மேஜர்: மிக்ஸோலிடியன்
- சி மேஜர், டி மேஜர்: லிடியன்
- சி மைனர், டி ஃபிளாட் மேஜர்: ஃப்ரிஜியன்
- சி மைனர், ஏ ஃபிளாட், பி ஃபிளாட்: ஏயோலியன்
- லோக்ரியனின் முதல் கார்டே டிமினிஷ்ட். அதில் இசை நிலைத்து நிற்காது, அதனால் கேட்டல் பகுதியில் அதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தங்கை, பக்கத்து வீட்டுப் பையன், யாராக இருந்தாலும் சரி. நீங்களே வாசித்தால் விரல் விடையைச் சொல்லிவிடும், காதுக்கு வேலை இருக்காது.

குறுவினாவுக்கு: இடைக்காலச் சர்ச் இசையில் எட்டு மோட்கள். ஹைன்ரிஹ் கிளாரியன் 1547இல் வெளியிட்ட நூலில் ஏயோலியன், ஐயோனியன் வகைகளைச் சேர்த்துப் பன்னிரண்டாக்கினார். பெயர்கள் கிரேக்கப் பெயர்கள், ஆனால் பழைய கிரேக்க ஸ்கேல்களும் இவையும் ஒன்றல்ல. இவ்வளவு எழுதினால் போதும்.

நான் பாடிப் பாடித்தான் படிப்பேன். எழுதிப் படிக்கிறவர்களுக்கு இது நீட்டி முழக்குவதாகத் தெரியலாம். இருந்தாலும் ஒரு வாரமாவது சுருதியோடு உட்காருங்கள் என்றே கெஞ்சிக் கேட்பேன்.

தேர்வு நாளுக்கு:

- தாள் கைக்கு வந்ததும் ஓரத்தில் ம நி க த ரி ப, பக்கத்தில் +1, 0, -1, -2, -3, -4, -5 எழுதிவிடுங்கள். இந்த ஏழு எண்களும் மோட்களுக்கானவை, லிடியன் முதல் லோக்ரியன் வரை.
- கீ சிக்னேச்சர் போட்ட பிறகு கவையும் நியையும் மட்டும் விரலால் எண்ணிச் சரிபாருங்கள்.
- செவிப்பயிற்சி அறைக்குள் போகுமுன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். வேறு சுருதி காதில் ஒட்டியிருந்தால் முதல் கேள்வி போய்விடும்.
- முதல் தடவை வாசிக்கும்போது எழுதாதீர்கள். ஆதார ஸ்வரத்தை முனகிப் பிடியுங்கள். இரண்டாம் தடவை கவுக்கும் மற்ற ஸ்வரங்களுக்கும் காது கொடுத்தால் போதும்.