கெலெடே: அன்னையரின் மனம் குளிர ஓர் இரவு

மேற்கு ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மட்டுமே பார்த்திருந்த எனக்கு, பெனின் நாட்டின் கேட்டூ நகரில் ஓர் இரவு முழுதும் கண்விழித்த பிறகுதான், அதுவரை கண்டவை உயிரற்ற மரத்துண்டுகள் என்பது புரிந்தது.

போர்ட்டோ நோவோ, போபே வழியாக மாலையில் ஊரை அடைந்து, பழைய கோட்டை வாயிலான அகாபா இடேனாவைப் பார்த்துவிட்டு, இருட்டியபின் ஊர்த்திடலுக்குச் சென்றோம். பெனினிலும் நைஜீரியாவிலும் வாழும் யொருபா மக்களின் கெலெடே என்னும் முகமூடிச் சடங்கு பிறந்த இடம் கேட்டூதான் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. யுனெஸ்கோ 2008ஆம் ஆண்டில் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மூதாட்டியர், மறைந்த பெண் முன்னோர், பெண் தெய்வங்கள் ஆகிய அனைவரையும் 'எங்கள் அன்னையர்' என்றே இம்மக்கள் அழைக்கின்றனர். பிள்ளைப்பேற்றையும் மழையையும் தரும் அவர்களது ஆற்றல், சினந்தால் அவற்றைத் தடுக்கவும் வல்லது. அதை வலிமையால் வெல்ல முடியாது, அழகால் மட்டுமே குளிர்விக்க முடியும் என்பதே கெலெடேயின் உட்பொருள். முகமூடி என்றால் அச்சுறுத்துவது என்று எண்ணியிருந்த என்னை இந்தக் கருத்து நெடுநேரம் ஆட்கொண்டது.

இரவில் தோன்றும் எஃபே என்னும் பாடகர் முதலில் அன்னையரிடம் அனுமதி வேண்டுகிறார். பிறகு, ஊரில் நடந்த தவறுகளை அஞ்சாமல் பாடலில் எடுத்துரைக்கிறார். அந்தச் சொற்களுக்காக அவரை யாரும் தண்டிப்பதில்லை. மறுநாள் பகலில், பெண்களைப் போல உடுத்திய ஆடவர், கணுக்கால்களில் இரும்புச் சலங்கைகள் முழங்க, இருவர் இருவராக ஆடுகின்றனர். முகமூடி தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்க, ஆடுபவர் அதற்குக் கீழே தொங்கும் மெல்லிய துணியின் வழியாகவே வெளியே பார்க்கிறார். செதுக்கிய முகமோ பொறுமையின் வடிவாக அசையாதிருக்கிறது. அதன் உச்சியிலோ பாம்பும், இரவு ஆற்றலைக் குறிக்கும் பறவையும், தட்டுச் சுமந்த சந்தைப் பெண்ணும், சிலவற்றில் மோட்டார் சைக்கிளும்கூட இடம்பெறுகின்றன. உலகத்தின் ஆரவாரத்தையெல்லாம் தாங்கியும் கலங்காத அந்த முகத்தைவிட உயர்ந்த சிற்பத்தை நான் கண்டதில்லை.

நான் கேமராவை வெளியே எடுக்கவில்லை. திடலின் ஓரத்தில், இச்சடங்கின் தலைவியான இயாலாஷே என்னும் மூதாட்டி அமர்ந்திருந்தார். முழவோசை உச்சத்தை எட்டியபோது என் பக்கத்தில் நின்றவரைக் கவனித்தேன். அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அந்த மூதாட்டி முகம் மலர்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.