ஃபைல் ஏறிவிட்டது, அசைன்மென்ட் போய்ச் சேரவில்லை

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவராக "மார்க் வந்துடுச்சு" என்று போட ஆரம்பித்த பிறகுதான் நானும் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பாடத்தளத்தில் போய்ப் பார்த்தேன். மார்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. அதற்கு மேலே "டிராஃப்ட் (நாட் சப்மிட்டட்)" என்று இருந்தது. நான்கு வாரம் உட்கார்ந்து எழுதிய கட்டுரை. அந்தப் பாடத்தின் மொத்த மதிப்பெண்ணில் 40 சதவீதம் அதற்குத்தான். கெடு முடிய இரண்டே முக்கால் மணி நேரம் இருக்கும்போதே ஏற்றிவிட்ட ஃபைல், யாருக்கும் போய்ச் சேராமல் நான்கு நாளாக என் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் அந்தக் காலையை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் படிக்கிறவர்கள், பல வருடம் கழித்து மறுபடி படிப்புக்குத் திரும்பியவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த இடத்தில் தடுக்கி விழாமல் இருப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகம் அந்தத் தளத்துக்குப் பயன்படுத்துவது மூடுல் என்ற மென்பொருள்; பாடக் குறிப்பு, அசைன்மென்ட், குவிஸ் எல்லாம் அதில்தான். லாகின் வாங்கியது, என்ரோல்மென்ட் கீ போட்டுப் பாடத்தில் சேர்ந்தது, குறிப்புகளை இறக்கிக்கொண்டது எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மூடுலைப் பற்றி ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் தொடங்கிய மென்பொருள் அது. 2002-ல் முதல் பதிப்பு வந்தது. கட்டற்ற மென்பொருள் என்பதால் எந்தக் கல்வி நிறுவனமும் எடுத்துத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். அதற்குள்ளேயும் ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் தனித்தனியாக அமைப்புகளை மாற்றலாம். அதாவது போன பருவத்தில் ஒரு பாடத்தில் நடந்த மாதிரியே இந்தப் பருவத்தில் இன்னொரு பாடத்திலும் நடக்கும் என்று நம்பக் கூடாது. நான் நம்பினேன்.

முதல் பருவத்தில் எனக்கு இரண்டு பாடங்கள். இரண்டிலும் ஃபைலை இழுத்துப் போட்டு "சேவ் சேஞ்சஸ்" அழுத்தினால் போதும், அந்த நொடியே "சப்மிட்டட் ஃபார் கிரேடிங்" என்று பச்சையாக வந்துவிடும். இந்தப் பாடத்தின் ஆசிரியர், மாணவர் தனியாக சப்மிட் பட்டனை அழுத்தியாக வேண்டும் என்ற அமைப்பைப் போட்டு வைத்திருந்தார். கடைசி நிமிடம் வரை மாணவர்கள் திருத்திக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அப்படிப் போட்டால் "சேவ் சேஞ்சஸ்" கொடுத்ததும் ஃபைல் டிராஃப்டாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்திலேயே "சப்மிட் அசைன்மென்ட்" என்று இன்னொரு பட்டன் வரும். அதை அழுத்தினால், இது என் சொந்த வேலை என்று உறுதி சொல்லும் ஒரு கட்டத்தை டிக் செய்யச் சொல்லும். அதற்கப்புறம் "கன்டினியூ". அத்தனையும் முடிந்தால்தான் சமர்ப்பித்ததாகக் கணக்கு.

ஃபைலை ஏற்றிய இரவு நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் முறை ஃபைல் ஏறவே இல்லை. கையால் வரைந்த படங்களை ஃபோனில் எடுத்துச் சேர்த்ததில் பிடிஎஃப் 14 எம்பி ஆகியிருந்தது. அந்த அசைன்மென்ட்டில் உச்சவரம்பு 10 எம்பி. படங்களைச் சுருக்கி மறுபடி பிடிஎஃப் ஆக்க அரை மணி நேரம் போனது. கடைசியில் 9:14-க்கு ஃபைல் பெயர் அழகாகப் பட்டியலில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும், அப்பாடா என்று மடிக்கணினியை மூடிவிட்டேன். போராடி ஒன்றை முடித்த நிம்மதியில் கண் அந்த ஃபைல் பெயரோடு நின்றுவிட்டது. நிலை என்ன என்று எழுதியிருந்த வரி, திரையில் இரண்டு விரற்கடை மேலே இருந்தது.

திங்கட்கிழமை ஹெல்ப்டெஸ்க்கை அழைத்தேன். இருபது நிமிடம் காத்திருந்த பிறகு எடுத்தவர், "ஃபைல் ஏறித்தானே இருக்கு மேடம்? சிஸ்டத்துல ஒரு பிரச்சினையும் இல்லை. கெடு சம்பந்தமா டிபார்ட்மென்ட்லதான் கேக்கணும்" என்றார். டிபார்ட்மென்ட் அலுவலகத்தில், "போர்ட்டல் விஷயம் எதுவா இருந்தாலும் ஹெல்ப்டெஸ்க்ல டிக்கெட் போடுங்க" என்றார்கள். சரி என்று டிக்கெட், அதாவது ஆன்லைனில் ஒரு புகார், போட்டேன். மறுநாள் மதியம் அது "ரிசால்வ்ட்" என்று மூடப்பட்டிருந்தது. என்ன தீர்ந்தது என்று ஒரு வரி இல்லை. மறுபடி திறந்தேன், டிபார்ட்மென்ட்டைப் பார்க்கச் சொல்லி இரண்டு வரி வந்தது. இரண்டு நாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்ததே மிச்சம். தாமதமானதற்குக் காரணம் சொல்லி விண்ணப்பிக்க எங்கள் விதிப்படி ஏழு நாள்தான். அதில் ஆறு நாள் அதற்குள் ஓடிவிட்டது.

என்னைக் காப்பாற்றியது எங்கள் வகுப்புப் பையன் ஒருவன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். குழுவில் என் புலம்பலைப் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு அழைத்தான்.

"அக்கா, முதல்ல எதையும் தொடாதீங்க. எடிட், ரிமூவ் எதையும் அழுத்தாதீங்க. 'லாஸ்ட் மாடிஃபைட்'னு ஒரு வரி இருக்கும், அதுல என்ன நேரம் காட்டுது?"

"வியாழக்கிழமை ராத்திரி 9:14."

"அது போதும். முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. அதோட, ஹெல்ப்டெஸ்க்கை விட்டுடுங்க, பாடம் எடுக்கிற மேடத்துக்கே நேரா மெயில் போடுங்க. எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் நேரம், குடுக்கிற பட்டன் அவங்க கையிலதான் இருக்கு."

இந்த மூன்றையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிராஃப்ட் என்று தெரிந்ததும் யாருக்கும் கை பரபரக்கும். என் அசைன்மென்ட்டில் கட்-ஆஃப் நேரமும் தாண்டிவிட்டதால் அழுத்துவதற்குப் பட்டனே இல்லை. அதுவே எனக்கு நல்லதாகப் போயிற்று. சில அசைன்மென்ட்டுகளில் கெடு வேறு, கட்-ஆஃப் வேறாக இருக்கும். கெடு என்பது அதற்குமேல் தாமதம் என்று குறிக்கும் நேரம்; கட்-ஆஃப் என்பது கதவையே சாத்தும் நேரம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவசரத்தில் எடிட் செய்தாலோ சப்மிட் கொடுத்தாலோ "லாஸ்ட் மாடிஃபைட்" நேரம் இன்றைய தேதிக்கு மாறிவிடும். நீங்கள் நேரத்துக்கு ஏற்றினீர்கள் என்பதற்கு உங்கள் திரையில் இருந்த சாட்சி போய்விடும். அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

மேடத்துக்கு மெயில் எழுதும்போது அழுகையை எல்லாம் வெட்டிவிட்டேன். பாடக் குறியீடு, அசைன்மென்ட் பெயர், ஃபைல் பெயர், ஏற்றிய நேரம், இப்போது காட்டும் நிலை, ஸ்கிரீன்ஷாட், அவ்வளவுதான். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: "பாடத்தின் லாக் பதிவில் என் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் வியாழன் இரவு ஃபைல் ஏற்றியது தெரியும், அதற்குப் பிறகு நான் எதையும் மாற்றவில்லை என்பதும் தெரியும், தயவுசெய்து பாருங்கள் மேடம்."

இந்த லாக் விஷயம் பலருக்குத் தெரியாது. மூடுலில் நாம் ஒரு பக்கத்தைத் திறந்தாலும், ஃபைல் ஏற்றினாலும், சமர்ப்பித்தாலும் ஒவ்வொன்றும் நேரத்தோடும் ஐபி முகவரியோடும் (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தோம் என்று காட்டும் எண்) பதிவாகிறது. ஆசிரியரால் அதை ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்க்க முடியும். ஃபைல் ஏற்றியது ஒரு வரியாகவும், சமர்ப்பித்தது தனி வரியாகவும் இருக்கும். என் கணக்கில் முதல் வரி இருந்தது, இரண்டாவது இல்லை. நான் சொன்னது அப்படியே அங்கே எழுதியிருந்தது.

அன்று மாலையே மேடம் பதில் போட்டார். டிராஃப்டில் இருக்கும் ஃபைல் அவர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் சமர்ப்பிக்காததற்கு மார்க் போட விதி இடம் தராது, அதனால் எனக்கு மட்டும் மறுநாள் இரவு வரை எக்ஸ்டென்ஷன் கொடுத்திருப்பதாகவும், ஃபைலை மாற்றாமல் அப்படியே சப்மிட் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். இரண்டு நாள் என்னைப் பந்தாடிய விஷயம் அவர் பக்கத்தில் ஒரு நிமிட வேலை. அந்தப் பட்டனை அழுத்தி, கட்டத்தை டிக் செய்து, பச்சை வரி வந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பல்கலைக்கழக மெயிலைத் திறந்து, சமர்ப்பித்ததற்கான ரசீது மெயில் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். வந்திருந்தது. முதல் தடவையே அந்த மெயில் வராததைக் கவனித்திருந்தால் அன்று இரவே தெரிந்திருக்கும். நான் பல்கலைக்கழக மெயிலை வாரம் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. இப்போது அதை என் ஃபோனில் சேர்த்துவிட்டேன். நீங்களும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். மூடுல் மெயிலில் அனுப்பும் அறிவிப்புகள் கணக்கில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும்.

கெடு நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 23:59 என்று போட்டிருந்தால் குழப்பம் இல்லை. சில பாடங்களில் "வெள்ளி, 12:00 ஏஎம்" என்று இருக்கும். அது வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நேரம். வெள்ளி ராத்திரி வரை நேரம் இருக்கிறது என்று நினைத்து ஏமாந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர். வேறு நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் புரொஃபைலில் நேர மண்டலம் என்ன என்று ஒருமுறை பாருங்கள். மூடுல் நேரத்தைக் காட்டுவது அந்த அமைப்பின்படிதான். அது பல்கலைக்கழகத்தின் நேரத்திலேயே இருந்தால் திரையில் தெரியும் 23:59 உங்கள் சுவர்க் கடிகாரத்தின் 23:59 இல்லை.

தமிழில் எழுதிச் சமர்ப்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய எழுத்துரு எதிலாவது தட்டச்சு செய்து வேர்ட் ஃபைலாகவே ஏற்றாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுக்கக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் எழுதி, எழுத்துருவை உள்ளேயே பதித்த பிடிஎஃப் ஆக்கி, ஏற்றிய பிறகு அதை நீங்களே ஒருமுறை இறக்கித் திறந்து பாருங்கள்.

அடுத்த வாரமே அதே பாடத்தில் ஆன்லைன் குவிஸ். 45 நிமிடம், 20 கேள்வி, ஒரே ஒரு வாய்ப்பு. பட்ட அடி ஆறாமல் இருந்ததால் இந்தத் தடவை முன்கூட்டியே எல்லாம் படித்து வைத்தேன். பதினேழாவது நிமிடத்தில் இணையம் போய்விட்டது. திரையின் மேலே சிவப்பாக ஒரு பட்டை: இணைப்பு அறுந்துவிட்டது, ஆட்டோசேவ் நடக்கவில்லை, கடைசிச் சில நிமிடங்களில் எழுதியதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று. பழைய நானாக இருந்தால் உடனே ரீஃப்ரெஷ் அழுத்தியிருப்பேன். மூடுல் குவிஸ் வழக்கமாக நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும். கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு எழுதியது மட்டும் உங்கள் திரையில்தான் இருக்கும். ரீஃப்ரெஷ் கொடுத்தால் அது போய்விடும். நான் பக்கத்தில் வைத்திருந்த தாளில் அந்தப் பக்கத்து விடைகளை வேகமாக எழுதிக்கொண்டு, ஃபோனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அந்தப் பட்டை மறையும் வரை காத்திருந்தேன். இரண்டு நிமிடம் போனது. கடிகாரம் சர்வரில் ஓடுகிறது, நமக்கு இணையம் போனாலும் அது நிற்காது. ஆனால் ஒரு விடையும் போகவில்லை.

அதே குவிஸை பிரவுசரில் இரண்டு டேப்களில் திறந்து வைத்த ஒரு தோழிக்கு, விடைகள் வரிசை மாறி வந்திருக்கின்றன என்ற பிழைச் செய்தி வந்து ஒரு பக்கமே சேமிக்க முடியாமல் போயிற்று. ஒரே டேப்தான், பிரவுசரின் பேக் பட்டனும் வேண்டாம்.

கடைசிக் கேள்வி முடிந்ததும் எந்தெந்த விடை சேமிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் பட்டியல் வரும். அதையும் முடிவு என்று நினைத்து மூடிவிடாதீர்கள். கீழே "சப்மிட் ஆல் அண்ட் ஃபினிஷ்", அதை அழுத்தினால் நிச்சயமாகவா என்று கேட்டு மறுபடி அதே பட்டன். நான் இரண்டையும் அழுத்தினேன், "ஃபினிஷ்ட்" என்ற வார்த்தையையும் முடித்த நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், அந்தப் பையனுக்கு அனுப்பினேன். "சூப்பர்க்கா" என்று பதில் வந்தது.