குப்பைப் பைக்குள் ஊசி

ஆஸ்பத்திரி விடுதியில் குப்பைப் பையைத் தூக்கிய அக்கா சட்டென்று கையை உதறினார். கையுறைக்குள் சிவப்பு பரவியது. யாரோ பாவித்த ஊசியைப் பைக்குள் போட்டிருக்கிறார்கள்.

"ஒண்டுமில்லைத் தம்பி, சின்னக் குத்துத்தான்."

சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் மறைத்தார். வெளியே தெரிந்தால் தனக்குத்தான் ஏச்சு விழும் என்ற பயம்.

அந்த மறைப்புத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தாதியக்காவிடம் சொல்லுங்கோ என்று கெஞ்சித்தான் அனுப்பினேன்.

அந்த ஊசி போடப்பட்ட நோயாளிக்கு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவர் என்றால் தொற்றும் வாய்ப்பு 100க்கு 30 வரை போகலாம். எச்.ஐ.வி.க்கு அது 1000க்கு 3 அளவுதான். ஆனால் அதன் தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பயந்து மறைக்கும்போது அந்த நேரம்தான் போகிறது.

குத்தினால் பிதுக்கவேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே சொல்லுங்கள்.

ஊசி போட்டவரே அதைக் கையோடு ஊசிப் பெட்டிக்குள் போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது.

டொக்டர், தாதியரை விடுங்கள், அவர்களுக்கு இதெல்லாம் தெரியும். யாழ்ப்பாணத்தில் விடுதி கூட்டுகிற, குப்பை அள்ளுகிற ஒப்பந்த ஊழியர்களிடம், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டாச்சா என்று யாராவது கேட்டிருக்கிறோமா?