வாங்கலாமா, வேண்டாமா?

மூன்று நாட்களாக ஒரு ஜிக்சா புதிர்ப் பெட்டியை இணையக் கடையின் கூடையில் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். ஆயிரம் துண்டுகள். சேர்த்து முடித்தால் படத்துக்குள் குறிப்புகள் ஒளிந்திருக்குமாம். அவற்றை அவிழ்த்தால் புதையலாம். விலை மட்டும் ஒளியவே இல்லை: ஒன்பதாயிரம் ரூபாய்!

முன்கதை தெரியாதவன் அல்ல நான். 1999இல் இங்கிலாந்தில் ‘எடர்னிட்டி’ என்ற புதிர் வந்தது. 209 துண்டுகள், பத்து லட்சம் பவுண்டு பரிசு. மறு ஆண்டே அலெக்ஸ் செல்பி, ஆலிவர் ரியோர்டன் என்ற இரு கணிதக்காரர்கள் கணினித் துணையோடு முடித்துப் பரிசைத் தட்டிச் சென்றார்கள். உருவாக்கிய கிறிஸ்டோபர் மாங்க்டன் சும்மா இருந்தாரா? 2007இல் இரண்டாவதை இறக்கினார். வெறும் 256 சதுரங்கள். பக்கத்துப் பக்கத்து ஓரங்களில் அச்சிட்ட வண்ணக்கோலம் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். பரிசு இருபது லட்சம் டாலர். 2010 இறுதிவரை கெடு. முழு விடையோடு ஒருவரும் வரவில்லை, பணமும் பரிசை அறிவித்தவர்களிடமே தங்கிவிட்டது. ஓரம் பொருத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று தையல்காரரைக் கேட்டால் முன்பே சொல்லியிருப்பார்.

இதையெல்லாம் மனைவியிடம் விளக்கினேன்.

“புதையல் இருக்கட்டும். ஆயிரம் துண்டுகளை எங்கே பரப்புவீர்கள்?” என்றாள்.

சாப்பாட்டு மேசையைப் பார்த்தேன். இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி மலைபோல் கிடந்தது.

பரிசே இல்லையென்றால் இந்தப் புதிருக்கு ஒன்பதாயிரம் கொடுப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நிச்சயமாகக் கொடுக்க மாட்டேன். இருந்தாலும் பெட்டி இன்னும் கூடையில்தான் இருக்கிறது.