மகனின் மூக்கில் வந்த கட்டி: பீனிசம் என்று சொன்னதிலிருந்து சத்திரசிகிச்சை வரை

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெடியனுக்கு மூக்கின் ஒரு பக்கம் மட்டும் மாதக்கணக்காக அடைத்திருக்கிறது, அதே பக்கத்தால் அடிக்கடி இரத்தமும் வருகிறது என்றால், காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் கட்டாயம் காட்டுங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் மூக்கடைப்பு என்றால் பீனிசம், இரத்தம் வந்தால் சூடு. சித்திரை வெயிலில் அந்த விளக்கத்தை யாரும் மறுக்கவும் மாட்டார்கள். என் மகனுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் பீனிசத்துக்கு மருந்து மாற்றி மாற்றி எழுதித் தந்தார்கள். ஒரு தடவையாவது மூக்குக்குள் லைட் அடித்துப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிள்ளை இரவில் வாயைத் திறந்தபடி குறட்டை விடுவான், காலையில் தலையணை உறையில் இரத்தம் காய்ந்திருக்கும்.

யாழ் போதனா வைத்தியசாலையில் நிபுணர் மெல்லிய கமராக் குழாயை மூக்குக்குள் விட்டபோது திரையை நானும் பார்த்தேன். மூக்கின் பின்பக்கத்தில், தொண்டை தொடங்கும் இடத்துக்குக் கிட்ட, வழவழவென்று சிவந்த ஓர் உருண்டை. அதன் மேலே குருதிக்கலன்கள் கோடு கோடாக ஓடின. அவர் குழாயை மெல்ல வெளியே எடுத்துவிட்டு, "அம்மா, இதில் துண்டு வெட்டிப் பார்க்க முடியாது. இரத்தம் நிற்காது" என்றார். கட்டி என்றால் முதலில் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்போம். இந்தக் கட்டிக்கு ஸ்கான்தான் சாட்சி. சாயம் ஏற்றி எடுத்த சி.ரி. படத்தில் கட்டி பளிச்சென்று ஒளிர்ந்தது. கன்னத்து எலும்பறையின் பின்சுவர் முன்னுக்குத் தள்ளப்பட்டு வளைந்திருந்தது.

பெயர் ஜுவனைல் நேசோஃபரிஞ்சியல் அஞ்சியோஃபைப்ரோமா. டொக்டர்மார் சுருக்கமாக ஜே.என்.ஏ. என்பார்கள். புற்றுநோய் இல்லை, உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவாது. ஆனால் இருந்த இடத்திலேயே வளர்ந்து கண்குழியையும் மண்டையோட்டின் அடியையும் நெருக்கும். தலை, கழுத்தில் வரும் கட்டிகளில் இது 0.5 வீதத்துக்கும் குறைவு. வருவது அனேகமாகப் பதின்ம வயது ஆண்பிள்ளைகளுக்கே.

ஏன் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை. வைத்தியசாலையின் அடுத்த கிளினிக் நாளில் கேட்டேன். டொக்டர் மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் பேனாவால் கீறிக் காட்டினார். கட்டிக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது: நார்போன்ற இழையம், அதற்கிடையே நிறையக் குருதிக்கலன்கள். நார் இழையத்துக் கலங்களில் (செல்களில்) ஆண் ஓமோனை ஏற்கும் வாங்கிகள் இருப்பதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பருவ வயதில் கட்டி வேகமாக வளர அதுவும் ஒரு காரணமாகலாம். அதற்காகப் பிள்ளையின் இரத்தத்தில் ஓமோன் கூடிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை, பெரும்பாலான பெடியன்களுக்கு அளவு சரியாகவே இருக்கும் என்றார். எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகு வளர்ச்சிக் காரணிகளைப் பற்றிச் சொன்னார். கலங்கள் வெளிவிடும் சிறு புரதங்கள் அவை. அதில் வி.ஈ.ஜி.எஃப். என்ற ஒன்று புதுக் குருதிக்கலன்களை முளைக்கச் செய்யும். காயம் ஆறும்போது எல்லார் உடம்பிலும் நடக்கிற வேலைதான், இந்தக் கட்டியில் அது ஓயாமல் நடக்கிறது. ரி.ஜி.எஃப். பீற்றா 1 என்ற இன்னொன்று நார் இழையத்தைப் பெருக்குகிறது. இவை தவிர வேறு சிலவற்றையும் இந்தக் கட்டியில் கண்டிருக்கிறார்கள். அப்படி முளைக்கும் கலன்கள் பலவற்றின் சுவரில் தசைப் படை இருப்பதில்லை. சாதாரண கலன் அறுந்தால் சுருங்கித் தன் வாயை மூடப் பார்க்கும், இவற்றால் சுருங்க முடியாது. துண்டு எடுக்க ஏன் மறுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடலில் நிறையச் சதை முளைகள் இருந்தனவா என்றும் கேட்டார். மூக்குக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று திகைத்தேன். பரம்பரையாகக் குடலில் முளைகள் வரும் ஒரு நோயுள்ள சில குடும்பங்களில் இந்தக் கட்டியும் வருவதுண்டாம். எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கு எழுதினார்கள். வெள்ளவத்தையில் என் தம்பி வீட்டில் தங்கினோம். அங்கே முதலில் செய்தது கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் வழியை அடைப்பது. தொடையிடுக்கில் உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கழுத்து வரை கொண்டுபோய், மேல்தாடை நாடியின் கிளைகளுக்குள் நுண்ணிய துகள்களைச் செலுத்தினார்கள். தோட்டக்காரரான என் கணவர் கேட்டுவிட்டு, "வாய்க்காலை மறித்துப்போட்டுத்தான் வேலை செய்யப் போகினம்" என்றார். கையெழுத்து வாங்கும்போது துகள் வழிமாறிப் போனால் பார்வைக்கோ மூளைக்கோ ஆபத்து வரலாம் என்பதையும் சொன்னார்கள். அந்தத் தாளில் கையெழுத்து வைக்க என் கை வரவில்லை, அவர்தான் வைத்தார்.

அடைத்து ஒன்றிரண்டு நாட்களுக்குள் கட்டியை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பக்கத்துக் கலன்கள் வழியாக இரத்தம் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். இரத்தம் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, முகத்தில் வெட்டாமல் மூக்குவழியே கமரா விட்டு எடுத்தார்கள். மகன் விழித்ததும் மூக்கு நிறையப் பஞ்சு, பேச்சு வரவில்லை, கையால் தண்ணீர் கேட்டான். பஞ்சை எடுத்த நேரம்தான் அவனுக்கு ஆகக் கஷ்டம். பிறகு வீட்டில் உப்புநீரால் மூக்கைக் கழுவிக் கழுவிப் பொருக்கை அகற்றினோம். ஆய்வுகூட அறிக்கை அதே பெயரைத்தான் உறுதிசெய்தது.

இனிக் கண்காணிப்பு. கட்டியின் வேர் எலும்பின் இடுக்கில் கொஞ்சம் மிஞ்சினாலும், அதே காரணிகள் அதைத் திரும்ப வளர்க்கலாம். ஆகவே சாயம் ஏற்றிய எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள் ஆண் ஓமோனைத் தடுக்கும் புளூட்டமைட் மாத்திரையைப் பற்றி அனுப்பியிருந்தாள், டொக்டரிடம் காட்டினேன். சிலருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியிருக்கிறது, ஆனால் வளரும் பிள்ளைக்கு ஓமோனைத் தடுப்பது லேசான காரியமில்லை, இன்றைக்கும் முதல் வழி சத்திரசிகிச்சைதான் என்றார். வி.ஈ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் மருந்துகள் வேறு நோய்களுக்கு இருக்கின்றன, இவனுக்கு அவை தேவையில்லை என்றும் சொன்னார்.

கொழும்பில் தந்த ஸ்கான் படங்களின் சீ.டி. தட்டு, சத்திரசிகிச்சைக் குறிப்பு இரண்டையும் பிரதி எடுத்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். இரத்தம் வந்தாலோ அந்தப் பக்கம் மறுபடி அடைத்தாலோ திகதியைப் பார்க்காமல் உடனே வரச் சொல்லிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதித் தந்திருக்கிறார்கள்.